தொலைதூரக் காட்டு வேட்டைப் பயணம்: காரைக்குடிப் பக்கத்திலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

வேலை நிமித்தமாக அலாஸ்காவில் குடியிருந்த காலத்தில் உள்ளூர் நண்பர்களோடு மூஸ், கரிபு என்ற பெரிய மான்வகைகளை வேட்டையாடப் போய் வந்தவன் நான். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் தொடங்கி, ஹூஸ்டனிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் பங்காளி வீட்டுப் பிள்ளைகள் வரை கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். கட்டணமும் வேட்டைக்காலத் தேதிகளும் மாறக்கூடியவை. பணம் கட்டுமுன் அந்தந்த அரசுத் துறையின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் எங்காவது சட்டப்படி வேட்டையாட முடியுமா?

முடியாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த புதிதில் உரிமம் வாங்கிச் சில விலங்குகளைச் சுட வழி இருந்தது. 1991 திருத்தம் அதையும் அடைத்துவிட்டது. கோயில் திருவிழா சமயத்தில் நாயும் கம்புமாக முயல் வேட்டைக்குப் போகும் பழக்கம் சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்தில் இன்னும் முழுதாக ஒழியவில்லை. "காலம் காலமாகப் போகிறோம்" என்பது சட்டத்தின் முன் பதில் ஆகாது, முயலும் பாதுகாக்கப்பட்ட விலங்குதான். கடலையை நாசம் செய்யும் காட்டுப்பன்றியாக இருந்தாலும் முடிவு வனத்துறையுடையது, உங்களுடையது அல்ல.

எங்கள் பழைய வீட்டில் புலித்தோலும் கடமான் கொம்பும் இருக்கின்றன. என்ன செய்வது?

பயணத்தைப் பற்றிய கேள்வி இல்லை. ஆனாலும் இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். முகப்பிலோ பட்டாலையிலோ மாட்டியிருக்கும் கொம்பு எங்கே சுடப்பட்டது, பர்மாவிலா மலையாவிலா, யார் கொடுத்தார்கள் என்பதெல்லாம் குடும்பத்தில் ஒருவருக்கும் நினைவிருக்காது. சட்டம் அந்தக் கதையைக் கேட்பதில்லை. உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்றுதான் கேட்கும்.

முன்பே அறிவித்து, தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் உரிமைச் சான்றிதழ் வாங்கிய பொருளை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். விற்கக்கூடாது. வாரிசாக உங்கள் கைக்கு வந்தால் 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். விட்டுப்போனவர்கள் அறிவிக்க 2003இல் 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள், அதுவும் முடிந்து வெகுகாலம் ஆகிறது. சான்றிதழ் உள்ளவர்கள் வேண்டாமென்றால் அரசிடம் ஒப்படைக்க 2022 திருத்தம் வழி செய்திருக்கிறது, இழப்பீடு கிடையாது. சான்றிதழே இல்லாதவர்கள் தாங்களாக எதுவும் செய்யாமல் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது. வீட்டைப் பிரித்து நிலை, கதவு, தூண் எல்லாவற்றையும் பழம்பொருள் கடைக்குக் கொடுக்கும்போது கொம்பையும் சேர்த்து வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். அங்கேதான் வம்பு தொடங்குகிறது.

சரி, வெளிநாட்டில் எங்கே போகலாம்?

எல்லா நாடும் திறந்திருக்கவில்லை. கென்யா 1977லேயே வேட்டையைத் தடை செய்துவிட்டது. போட்ஸ்வானா 2014இல் மூடி 2019இல் மறுபடி திறந்தது. நம்மவர்கள் விசாரிப்பது பெரும்பாலும் அலாஸ்கா, கனடா, நமீபியா, தென்னாப்பிரிக்கா.

செலவு குறைவாகவும், உடம்புக்கு அதிகச் சிரமம் இல்லாமலும் வேண்டுமென்றால் நமீபியா. குடு, ஜெம்ஸ்பாக் போன்ற பெரிய மான்வகைகள், வறண்ட வெயில், நம் ஊர் உடம்புக்குப் பழக்கமான பூமி. அங்கே 1996இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கிராமத்தார் சேர்ந்து தங்கள் நிலத்தின் வனவிலங்குகளை நிர்வகிக்கும் கன்சர்வன்சிகள் உருவாயின. வேட்டைக் கட்டணத்தில் ஒரு பங்கும் இறைச்சியும் அவர்களுக்குப் போகிறது. தென்னாப்பிரிக்காவில் நல்ல பண்ணைகள் உண்டு. ஆனால் வேலிக்குள் வளர்த்த விலங்கை அவிழ்த்துவிட்டுச் சுடவைக்கும் இடங்களும் உண்டு. அதற்கு விமானச் செலவு எதற்கு?

ஆளில்லாக் காடுதான் வேண்டும், ரோடே இருக்கக்கூடாது என்றால் அலாஸ்கா. இனி வருவதெல்லாம் பெரும்பாலும் அலாஸ்காவைப் பற்றியது.

இந்தியப் பாஸ்போர்ட்காரர் தனியாகப் போக முடியுமா?

இந்தியாவிலிருந்து போகிறவர் அலாஸ்காவில் எந்தப் பெரிய விலங்கை வேட்டையாடவும் உரிமம் பெற்ற கைடு கூடவே இருக்க வேண்டும். மூஸ், கரிபு, கரடி எதற்கும் விலக்கு இல்லை. அமெரிக்கக் குடியுரிமை உள்ள வெளிமாநிலத்தாருக்கு நிலைமை வேறு. அவர்களுக்குப் பழுப்புக் கரடி, டால் செம்மறி, மலையாடு ஆகிய மூன்றுக்குத்தான் கைடு கட்டாயம். அதிலும் அலாஸ்காவில் குடியிருக்கும் நெருங்கிய சொந்தக்காரர் கூட வந்தால் போதும்.

"எங்கள் மாப்பிள்ளை ஆங்கரேஜில் இருக்கிறார், அவர் கூட்டிப் போவார்" என்று ஒருவர் சொன்னார். அந்தச் சொந்தக்காரர் சலுகை இந்தியாவிலிருந்து போகும் மாமனாருக்குக் கிடையாது. மாப்பிள்ளை சுடட்டும், மாமனார் கூடப் போய்ச் சோறு ஆக்கலாம். வெளிநாட்டுக்காரராக இருந்தாலும் பன்னிரண்டு மாதம் தொடர்ந்து அங்கேயே குடியிருந்து, அதையே இருப்பிடமாகக் கொண்டால் உள்ளூர்வாசி உரிமம் வாங்கலாம். நான் போனது அந்த வழியில்தான்.

ஹெச்-1பி விசாவில் டெக்ஸாசில் இருக்கிறேன். துப்பாக்கி தொடலாமா?

இது முக்கியமான கேள்வி. குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. அதற்குள்ள விலக்குகளில் ஒன்று, செல்லுபடியாகும் வேட்டை உரிமம். அதாவது உரிமம் முதலில், துப்பாக்கி அப்புறம். அலுவலக நண்பர் சனிக்கிழமை சுடும் மைதானத்துக்குக் கூப்பிட்டால்கூட இதை மனத்தில் வையுங்கள். விசா பறிபோகிற விஷயம். அலாஸ்கா விண்ணப்பத்தில் நீங்கள் எந்தப் பிரிவில் வருகிறீர்கள் என்பதை, விசா நிலையைச் சொல்லி, அந்த மாநில மீன், வனவிலங்குத் துறையிடம் எழுத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு செலவாகும்?

கைடு வைத்துச் செய்யும் மூஸ் வேட்டை இருபதாயிரம் டாலரைச் சுலபமாகத் தாண்டும். அதற்கு மேல் உரிமம், சுடும் விலங்கில் மாட்டவேண்டிய டேக் என்ற அடையாளச் சீட்டு, விமானம், ஆங்கரேஜில் ஓட்டல், கைடுக்கும் உதவியாளுக்கும் அன்பளிப்பு, இறைச்சியை வெட்டிப் பொதிய ஆகும் கூலி. வெளிநாட்டவருக்கு டேக் கட்டணமும் உரிமக் கட்டணமும் அமெரிக்கரைவிட அதிகம். சுட்டாலும் சுடாவிட்டாலும் பணம் திரும்பாது. ஒரு தோட்டாகூடச் செலவழிக்காமல் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். அந்தச் சாத்தியத்தை மனம் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அந்தக் காசுக்கு ஊரில் ஒரு மனை வாங்கிப் போடுங்கள்.

கைடை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பெயர் பெற்றவர்கள் ஓராண்டு, ஈராண்டு முன்னாலேயே நிரம்பிவிடுவார்கள். கைடுகளுக்கு உரிமம் கொடுப்பது அலாஸ்காவின் பிக் கேம் கமர்ஷியல் சர்வீசஸ் போர்டு. அவரது உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று அங்கே பார்த்துவிடலாம். காட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்றிவரும் டிரான்ஸ்போர்ட்டர் கைடு ஆகமாட்டார், இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

போனில் பேசும்போது எத்தனை அங்குலக் கொம்பு கிடைக்கும் என்று கேட்காதீர்கள். இதைக் கேளுங்கள்: வானிலை மோசமாகி விமானம் வராவிட்டால் கூடுதல் நாட்களுக்குச் சாப்பாடு எவ்வளவு வைத்திருப்பீர்கள்? இறைச்சியை யார் சுமப்பது? முகாமுக்கும் சுடும் இடத்துக்கும் எவ்வளவு தூரம்? போன வருடம் வெறுங்கையோடு திரும்பியவரின் போன் எண் கொடுப்பீர்களா? கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் எண் கொடுக்கிறவரை நம்பலாம். வெற்றிபெற்றவர்களின் எண்ணை எல்லோரும் கொடுப்பார்கள்.

உடம்பை எப்படித் தயார் செய்வது? செட்டிநாட்டில் மலையே இல்லையே?

பிரான்மலை இருக்கிறதே. விடியற்காலையில் முதுகுப்பையோடு ஏறி இறங்குங்கள். முதலில் வெறும் பை, அப்புறம் பத்துக் கிலோ, கடைசியில் 25 கிலோ அரிசிச் சிப்பம். இறங்கும்போதுதான் முழங்கால் உண்மையைச் சொல்லும். ஜிம்மில் தூக்கும் எடை இதற்கு அரைகுறை உதவிதான்.

ஆனால் மலையைவிடச் சமவெளிதான் ஆளைக் கொல்லும். டுண்ட்ரா என்ற மரமில்லாத வடபுலச் சமவெளியில் டஸ்ஸக் என்று புல் குத்துக் குத்தாக மேடு கட்டி நிற்கும், இடையில் தண்ணீர். நடுகைக்குத் தண்ணீர் விட்ட வயலில் தேங்காய்களைப் பரப்பி அதன்மேல் நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஒரு கிலோமீட்டர் போனாலே நல்ல நடை. மழைக்குப் பிந்திய கண்மாய்க்குள் ரப்பர் பூட்ஸ் போட்டு நடந்து பழகுங்கள். வேடிக்கை பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

துப்பாக்கியை இங்கிருந்து கொண்டுபோக வேண்டுமா?

வேண்டாம். 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் உள்ள உரிமம், விமான நிறுவனத்தின் சம்மதம், வழியில் மாறும் நாடுகளின் விதி, அமெரிக்காவுக்குள் கொண்டுசெல்லத் தனி அனுமதி என்று காகிதமே ஒரு மூட்டை சேரும். கைடு ரைபிள் கொடுப்பார். மூஸுக்கு .30-06 அல்லது .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டா போடும் ரைபிள் போதும்.

இங்கே செய்ய வேண்டியது பழக்கம். மாவட்ட ரைபிள் கிளப்பில் ஏர் ரைபிளாக இருந்தாலும் சேர்ந்து, உட்கார்ந்தும் மண்டியிட்டும், மூச்சு வாங்க ஓடிவந்த பிறகும் சுட்டுப் பழகுங்கள். எந்தத் தூரத்துக்கு மேல் உங்கள் குறி சிதறுகிறதோ, அதற்கு மேல் காட்டில் சுடக்கூடாது. கைடு வற்புறுத்தினாலும் கூடாது.

துணிமணி, சாப்பாடு?

பருத்தி ஒரு இழைகூட வேண்டாம். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். பனி உறையும் குளிர்தான் ஆபத்து என்றில்லை, ஏழெட்டு டிகிரியில் நனைந்து காற்றில் நின்றாலே உடல் விறைத்துப் புத்தி தடுமாறும். கம்பளி உள்ளாடை, செயற்கை இழை, நல்ல மழைக்கோட்டு. இவற்றை அங்கேயே வாங்கலாம். சிறிய விமானம் என்பதால் ஆளுக்கு 20, 25 கிலோவுக்கு மேல் சாமான் ஏற்ற மாட்டார்கள். சக்கரம் வைத்த பெட்டியைப் பார்த்தால் விமானி சிரிப்பார், துணிப்பைதான் சரி.

சாப்பாட்டில் நம் ஊர்ப் பலகாரம் நன்றாகக் கைகொடுக்கும். மாவுருண்டையும் தேன்குழலும் எடை குறைவு, தெம்பு அதிகம், அடுப்பு வேண்டாம். பருப்புப்பொடி எடுத்துக்கொள்ளலாம். உப்புக்கண்டம் மட்டும் கூடாது. இந்தியாவிலிருந்து இறைச்சி எதையும் அமெரிக்கச் சுங்கம் உள்ளே விடாது. அடுப்புக்கான எரிவாயுக் குப்பியும், கரடியை விரட்டும் மிளகு ஸ்ப்ரேயும் பயணிகள் விமானத்தில் ஏற்ற முடியாதவை. போய் இறங்கி வாங்க வேண்டும்.

அங்கே போனபின் நாட்கள் எப்படிப் போகும்?

ஆங்கரேஜிலிருந்து பெத்தல், கோட்ஸிபியூ போன்ற சிற்றூருக்கு ஒரு விமானம். இந்த ஊர்களுக்கு வெளியிலிருந்து ரோடு கிடையாது. அங்கிருந்து சூப்பர் கப் அல்லது பீவர் விமானம், ஏரியிலோ ஆற்று மணல்திட்டிலோ இறங்கும். 1947இல் முதன்முதலாகப் பறந்த வகை அந்தப் பீவர், இன்னும் சலிக்காமல் ஓடுகிறது. இறக்கிவிட்டு அது போனபின் வரும் நிசப்தம் முதல் முறை போகிறவரைக் கொஞ்சம் கலங்கடிக்கும்.

அன்றைக்கே சுட முடியாது. விமானத்தில் பறந்தவர் மறுநாள் அதிகாலை 3 மணி வரை பெரிய விலங்கு வேட்டையாடக் கூடாது. மேலிருந்து பார்த்துவைத்து, இறங்கிய கையோடு சுடுவதைத் தடுக்க வந்த விதி. நல்ல விதி. கூடாரம் அடிக்கவும், சாப்பாட்டுச் சாமானைத் தூங்குமிடத்திலிருந்து தள்ளி மின்வேலிக்குள் வைக்கவும் அந்த நேரம் சரியாக இருக்கும்.

மறுநாளிலிருந்து உட்கார்ந்திருப்பதுதான் வேலை. ஆம், உட்கார்ந்திருப்பது. ஒரு மேட்டில் ஏறி, பைனாகுலரை வைத்து வில்லோ புதர்களை அங்குலம் அங்குலமாகத் தேட வேண்டும். காலையில் பார்த்த இடத்தையே மத்தியானம் வெயில் மாறியதும் மறுபடி பார்க்க வேண்டும். காய்ந்த கட்டை என்று தள்ளிவிட்டது திடீரென்று காதை ஆட்டும். செப்டம்பரில் மூஸ் இணைசேரும் காலம் நெருங்கும்போது கைடு பெண் மூஸ் மாதிரி நீளமாக முனகுவார், காய்ந்த தோள் எலும்பைப் புதரில் உரசி ஆண் மூஸ் கொம்பு தேய்ப்பது போல ஒலி எழுப்புவார். பதில் ஒரு மணி நேரம் கழித்து வரும், அடுத்த நாள் வரும், வராமலும் போகும். மழை பிடித்தால் இரண்டு நாள் கூடாரத்திலேயே கிடப்பீர்கள். செல்போனை நோண்டாமல் இருக்கத் தெரியாதவர்கள் திணறுவது இங்கேதான்.

ஆண் மூஸ் வந்துவிட்டாலும் உடனே சுட முடியாது. பல பகுதிகளில் வெளியாருக்கான விதி, கொம்பின் அகலம் 50 அங்குலமாவது இருக்க வேண்டும், அல்லது நெற்றிப்பக்கக் கிளைகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இருக்க வேண்டும். முந்நூறு மீட்டரில், மங்கிய வெளிச்சத்தில், ஓரங்குலம் பிசகாமல் அகலத்தை மதிப்பிட வேண்டும். கைடுக்குக் கொடுக்கும் கூலியில் பாதி இந்த ஒரு கணத்துக்குத்தான்.

சுட்ட பிறகு?

சுடுவது ஒரு நொடி. அதற்குப் பிறகு தொடங்குவதை யாரும் படத்தில் காட்டுவதில்லை. வளர்ந்த ஆண் மூஸ் 550 முதல் 700 கிலோ வரை இருக்கும். பெரிய விலங்கிலிருந்து உண்ணத்தக்க இறைச்சி மட்டும் 225 கிலோ தேறும். எலும்போடு ஒரு பின்தொடை 50 கிலோவைத் தாண்டும். அலாஸ்கா சட்டப்படி உண்ணக்கூடிய இறைச்சி முழுவதையும் எடுத்தாக வேண்டும், விலா இடுக்கையும் கழுத்தையும்கூட. கொம்பை மட்டும் வெட்டிக்கொண்டு இறைச்சியை விட்டுவருவது அபராதமும் சிறையும் வாங்கித்தரும் குற்றம். இறைச்சி வருமுன் கொம்பை முகாமுக்குச் சுமந்து வருவதும் கூடாது. பல பகுதிகளில் தொடை இறைச்சியை எலும்போடேயே கொண்டுவர வேண்டும்.

அதனால்தான் அனுபவசாலிகள் தண்ணீர்க்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் மூஸைப் பார்த்து ரசித்துவிட்டு விட்டுவிடுவார்கள். தோலை உரித்து, சூடு ஆறவிட்டு, காற்றுப் புகும் துணிப்பையில் போட்டு, நிழலில் கம்பு கட்டித் தொங்கவிட வேண்டும். பிளாஸ்டிக் பையில் அடைத்தால் கெட்டுவிடும். ஈ, ஈரம், சூடு மூன்றையும் விலக்க வேண்டும். ஆள் குறைவாக இருந்தால் ஏழெட்டு நடை, அந்த டஸ்ஸக் மேல். மறுநாள் பாக்கியை எடுக்கப் போகும்போது கரடி வந்திருக்கும் என்று நினைத்தே சத்தம் போட்டபடி, காற்று நம் பக்கமிருந்து அதை நோக்கி வீசும்படியாகப் போக வேண்டும்.

இறைச்சியையும் கொம்பையும் ஊருக்குக் கொண்டுவரலாமா?

அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். தோல், கொம்பு, இறைச்சி எதுவானாலும் இந்தியச் சுங்கத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும். அலாஸ்காவில் இறைச்சியைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். சிற்றூர்களில் முதியவர்கள் வீட்டுக்குக் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். சுத்தமாக, மணல் ஒட்டாமல் கொண்டுவந்து கொடுங்கள். கெட்டுப்போகும் நிலையில் தள்ளிவிடுவது தானம் ஆகாது. கொம்பை அங்குள்ள சொந்தக்காரர் வீட்டில் மாட்டலாம். போட்டோ போதும் என்பது என் கட்சி.

அவசரத்துக்குப் போன்?

செல்போன் சிக்னல் இருக்காது. கார்மின் இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் கருவி ஆளுக்கொன்று இருந்தால் நல்லது. ஆனால் அதை அங்கேயே வாடகைக்கு எடுத்து அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்தியாவுக்குள் இந்தக் கருவிகளை அனுமதியில்லாமல் கொண்டுவருவது குற்றம். விமான நிலையத்தில் பையில் இது இருந்ததற்காகவே வெளிநாட்டுப் பயணிகள் கைதாகியிருக்கிறார்கள்.

இதெல்லாம் பாவமில்லையா?

ஆச்சிமார்கள் கேட்கும் கேள்வி. உடனே யாராவது கண்ணப்ப நாயனாரை இழுப்பார்கள். அவர் வேட்டையாடியது தன் குலத்தொழிலாக, நாம் போவது விமானம் ஏறி. இரண்டையும் ஒன்றாக்குவது எனக்கு உவப்பில்லை.

என் நிலை இது. ஆட்டுக்கறி வாரம் தவறாமல் வாங்குகிறவர் மூஸ் வேட்டையைப் பாவம் என்பது பொருந்தவில்லை. அதே சமயம் சாப்பிட மனமில்லாத விலங்கைச் சுடுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. "வேட்டைக்காரர் பணத்தில்தான் காடு வாழ்கிறது" என்ற வாதத்தில் அமெரிக்காவைப் பொறுத்தவரை உண்மை உண்டு. 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீதான வரி மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. ஆனால் சட்டம் வலுவில்லாத நாட்டில் அதே வாதம் வெறும் சாக்காக மாறிவிடும். நம் சிவகங்கைப் பக்கத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தைச் சுற்றியுள்ளவர்கள் ஒரு பைசா வேட்டைக் கட்டணம் இல்லாமல், பறவைகளுக்காகத் தீபாவளி வெடியையே விட்டுக்கொடுத்து வாழ்கிறார்கள். அதுவும் ஒரு வழிதானே.

சுட விருப்பமில்லாதவர், சைவம் சாப்பிடுகிறவர் கூட வரலாமா?

தாராளமாக. பெரும்பாலான கைடுகள் குறைந்த கட்டணத்தில் உடன்வருபவரைச் சேர்த்துக்கொள்வார்கள். உரிமம் வேண்டாம். பொறுமையாகப் பைனாகுலர் பார்க்கத் தெரிந்தவருக்கு முகாமில் நல்ல மதிப்பு.

மூஸ் கறியை நம் பக்குவத்தில் சமைக்கலாமா?

அருமையாக வரும். கொழுப்பே இல்லாத கறி என்பதால் நல்லெண்ணெயைத் தாராளமாக விடுங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, கிள்ளிய வரமிளகாய் போட்டு உப்புக்கறி செய்தால் முகாமில் இருக்கும் அமெரிக்கர்கள் சட்டியை வழித்துவிடுவார்கள். முன்னங்கால் கறி கடினம், குழம்புக்கு வைத்து மெதுவாக வேகவிடுங்கள். முதுகுச் சதையை அதிகம் வதக்கினால் ரப்பராகிவிடும். கரடிக்கறி கிடைத்தால் மட்டும் இந்த நுணுக்கமெல்லாம் பார்க்காமல் நன்றாகக் குழைய வேகவைக்க வேண்டும். அதில் டிரிக்கினெல்லா என்ற புழு இருக்கக்கூடும். வடதுருவப் பக்கத்து வகை உறையவைத்தாலும் சாகாது.